ஊர்க் குறையைக் கிராம சபைத் தீர்மானமாக்குவது எப்படி? இளைஞர்களுக்கான முழு வழிகாட்டி

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 12,500 கிராம ஊராட்சிகள் இருக்கின்றன. குடியரசு தினம், உலகத் தண்ணீர் தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, உள்ளாட்சி தினம் என்று ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. பள்ளிக்கூடத்துக் குடிமையியல் பாடத்தில் இதைப் படித்து மதிப்பெண் வாங்கியவர்களில் பெரும்பாலோர் சொந்த ஊர்க் கிராம சபைக்குப் போனதே இல்லை. போகிற சிலரும் ஓரமாக நின்று செல்போனில் படம் பிடிக்கிறார்கள், முடியும் நேரத்தில் "எங்க தெருவுக்குத் தண்ணியே வரல" என்று ஒரு குரல் கொடுக்கிறார்கள், கலைந்துவிடுகிறார்கள். அந்தக் குரல் தீர்மானப் பதிவேட்டில் ஏறுவதில்லை. பதிவேட்டில் ஏறாததை எந்த அலுவலகத்திலும் காட்டிக் கேட்க முடியாது.

ஒரு குறையை எடுத்து, அளந்து, எழுதி, தீர்மானமாக்கி, வேலை முடியும்வரை பின்தொடரும் முறை மட்டுமே இங்கே இருக்கிறது. கூட்டம் நடப்பது இரண்டு மணி நேரம். வேலை அதற்கு மூன்று வாரம் முன்பே தொடங்கி, இரண்டு மூன்று மாதம் பின்னும் நீளும்.

முதலில்: நீங்கள் கிராம சபை உறுப்பினர்தானா?

ஊராட்சிப் பகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் கிராம சபை உறுப்பினர். இது அரசியலமைப்பே தந்த இடம். 1993 ஏப்ரல் 24-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது திருத்தமும், 1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 3-ஆம் பிரிவும் இதற்கு அடிப்படை. உறுப்பினராகக் கட்டணமும் இல்லை, யாருடைய ஒப்புதலும் வேண்டியதில்லை. பெயர் பட்டியலில் இருந்தால் போதும்.

ஆனால் அந்தப் பெயர்தான் பல இளைஞர்களுக்கு இருப்பதில்லை. ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 ஆகிய நான்கு தகுதி நாள்களில் ஏதேனும் ஒன்றில் 18 வயது நிறைந்தால் பெயர் சேர்க்கலாம். 17 வயது முடிந்தவர்கள் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். புதிதாகச் சேர்க்கப் படிவம் 6. முகவரி மாற்றம், திருத்தம் ஆகியவற்றுக்குப் படிவம் 8. வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் நேரில் கொடுக்கலாம், தேர்தல் ஆணையத்தின் இணையதளத்திலும் போடலாம். சந்தேகத்துக்கு 1950 என்ற எண்.

கல்யாணமாகி வந்த பெண்களின் பெயர் இன்னும் பிறந்த ஊர்ப் பட்டியலிலேயே கிடக்கும். அவர்களுக்குப் படிவம் 8 போட்டுக் கொடுப்பது ஓர் இளைஞர் குழு செய்யக்கூடிய மிக நல்ல முதல் வேலை. தண்ணீருக்கு அதிகம் அலைகிறவர்கள் அவர்கள்தான், சபையில் பேச அதிகம் விஷயம் வைத்திருப்பவர்களும் அவர்கள்தான்.

பேரூராட்சியிலோ நகராட்சியிலோ இருப்பவர்களுக்குக் கிராம சபை கிடையாது. அங்கே 2022-இல் வந்த விதிகளின்படி வார்டு குழுவும் பகுதி சபையும் இருக்கின்றன. கூட்ட நடைமுறை வேறு. குறையை அளப்பது, எழுதுவது, பின்தொடர்வது பற்றி இங்கே சொல்வது அங்கும் பொருந்தும்.

யார் வேலை என்று பிரித்துப் பாருங்கள்

கிராம சபையில் வீணாகும் நேரத்தில் பாதி, ஊராட்சியின் கையில் இல்லாத விஷயத்துக்குத் தலைவரோடு சண்டை போடுவதில் போகிறது. ஊராட்சிகள் சட்டத்தின் 110-ஆம் பிரிவு ஊராட்சி கட்டாயம் செய்யவேண்டியவற்றைச் சொல்கிறது: ஊராட்சிச் சாலைகள், பாலங்கள், தெருவிளக்கு, வடிகால், தெருத் துப்புரவு, பொதுக் கழிப்பிடம், சுடுகாடு-இடுகாடு, குடிநீர்க் கிணறு. இவற்றை நேரே கேட்கலாம், தேதி குறித்துக் கேட்கலாம்.

பட்டா, சாதிச் சான்று, நத்தம் நிலம் எல்லாம் வருவாய்த் துறை. கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சிச் செயலரும் வெவ்வேறு துறைக்காரர்கள் என்பதே நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. மின்கம்பம் சாய்ந்தால் மின்வாரியம், அதே கம்பத்தில் விளக்கு எரியாவிட்டால் ஊராட்சி. ஏரியில் 100 ஏக்கருக்குக் குறைவான ஆயக்கட்டு (பாசனப் பரப்பு) என்றால் ஊராட்சி ஒன்றியம், அதற்கு மேல் நீர்வளத் துறை. குளம், குட்டை, ஊருணி ஊராட்சியுடையவை. பேருந்து, டாக்டர் வராத ஆரம்ப சுகாதார நிலையம், டாஸ்மாக் போன்றவை பிற துறைகள். இவற்றுக்கும் தீர்மானம் போடலாம், போடவும் வேண்டும். ஆனால் அது அந்தத் துறைக்கு ஊர் வைக்கும் கோரிக்கை. ஊராட்சியே செய்துவிட முடியாது. ஆகவே முதல் முறை களமிறங்கும் குழு ஊராட்சியின் கையிலேயே உள்ள ஒரு விஷயத்தை எடுப்பது நல்லது. ஒன்றை முடித்துக் காட்டினால் அடுத்த கூட்டத்துக்கு ஆள் தானாக வரும்.

குறையை அளப்பது

"தண்ணி வரல" என்பது புகார். "கடைசி 17 வீட்டுக்குக் குடம் நிரம்ப 6 நிமிஷம் ஆகுது" என்பது தகவல். புகாருக்குப் "பாத்துக்கலாம் தம்பி" என்று பதில் வரும். தகவலுக்கு அப்படிச் சொல்லி அனுப்ப முடியாது.

குடிநீரையே எடுத்துக்கொள்வோம். ஜல் ஜீவன் திட்டத்தின் அளவுகோல் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர். உங்கள் குக்கிராமத்தில் 1,200 பேர் என்றால் நாளைக்கு 66,000 லிட்டர் வேண்டும். மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியின் கொள்ளளவு பெரும்பாலும் தொட்டியிலேயே எழுதியிருக்கும். 30,000 லிட்டர் தொட்டியைக் காலை ஒருமுறை, மாலை ஒருமுறை நிரப்பினால் 60,000. ஆக, எல்லாம் ஒழுங்காக நடந்தாலே தினமும் 6,000 லிட்டர் குறைகிறது. தொட்டி ஆபரேட்டரிடம் பணிவாகக் கேட்டால் எத்தனை முறை நிரப்புகிறார், மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று சொல்வார். அவரைக் குற்றவாளியாக நிறுத்தாதீர்கள். குறைந்த சம்பளத்தில் விடிகாலையில் எழுந்து வால்வு திருப்புகிறவர் அவர். ஊரின் குழாய் வரைபடம் முழுதும் அவர் தலையில்தான் இருக்கிறது.

அடுத்து, தெருவுக்குப் போய் 15 லிட்டர் குடம் ஒன்றை வைத்து நேரம் பாருங்கள். தெருவின் முதல் வீடு, நடு வீடு, கடைசி வீடு, மூன்றிலும். மூன்று நாள் தொடர்ந்து, தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம் கழித்து அளக்க வேண்டும். முதல் வீட்டில் ஒரு நிமிடத்தில் நிரம்புகிற குடம் கடைசி வீட்டில் ஆறு நிமிடம் எடுத்தால் குறை தொட்டியில் இல்லை, வழியில் இருக்கிறது: பழுதான கேட் வால்வு, கசிவு, விட்டம் போதாத குழாய், அல்லது யாரோ வீட்டுக் குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்கள். மூன்று வீட்டிலும் ஒரே மாதிரி மெதுவாக வந்தால் போர்வெல்லையும் மோட்டாரையும் தொட்டியையும் பார்க்க வேண்டும். இதைப் பிரித்துச் சொல்லத் தெரியாததால்தான் குழாய் மாற்றவேண்டிய இடத்தில் புதுத் தொட்டி கேட்டு, இரண்டு வருடம் காத்திருந்து, தொட்டி வந்த பின்னும் தண்ணீர் வராமல் நிற்கிற ஊர்கள் இருக்கின்றன.

தொட்டியின் சுத்தமும் இதே சுற்றில் பார்க்கவேண்டியது. மாதம் இரண்டு முறை கழுவி, கழுவிய தேதியையும் அடுத்துக் கழுவவேண்டிய தேதியையும் தொட்டியில் எழுத வேண்டும் என்பது நடைமுறை. பெயின்டில் எழுதிய கட்டத்துக்குள் போன வருடத் தேதி இருந்தால் தேதி தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள். குளோரின் கலக்க 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் கணக்கு. 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். கடைசி வீட்டுக் குழாயில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சிய குளோரின் இருக்க வேண்டும். ஊராட்சியிலோ சுகாதார ஆய்வாளரிடமோ இருக்கும் சோதனைப் பெட்டியில் ஒரே நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

தெருவிளக்கு எளிது. கம்பத்தில் மின்வாரியம் எழுதிய எண் இருக்கும். இரவு 7 மணிக்கு ஒரு நடை, எரியாத கம்பங்களின் எண்களைக் குறித்துக்கொள்வது, ஒரு வாரம் கழித்து இன்னொரு நடை. "நிறைய லைட் எரியல" என்பதற்குப் பதில் 14 கம்பங்களின் எண் பட்டியல் கையில் இருக்கும். சாலைக்கு டேப் எடுத்துக்கொண்டு போங்கள்: நீளம், அகலம், உடைந்த இடங்கள். புதிதாகப் போட்ட சிமென்ட் சாலையோ பேவர் பிளாக் தளமோ என்றால் திட்டத்தின் பெயர், மதிப்பீட்டுத் தொகை, நீளம் எழுதிய பலகை அங்கே இருக்க வேண்டும். பலகையில் 150 மீட்டர் என்றிருந்து தரையில் 128 மீட்டர் வந்தால், யாரையும் திருடன் என்று சொல்லாமல் இரண்டு எண்ணையும் எழுதிவையுங்கள். சபையில் அதை வாசித்தாலே போதும்.

பணம் எங்கிருந்து வரும் என்று தெரியாமல் கேட்காதீர்கள்

"நிதி இல்லை" என்பதுதான் கிராம சபையில் அதிகம் கேட்கும் பதில். பல நேரம் உண்மை, சில நேரம் பாதி உண்மை. எது என்று கண்டுபிடிக்க ஊராட்சியின் பணம் எப்படிப் பிரிந்து கிடக்கிறது என்று அறிந்திருக்க வேண்டும்.

முக்கியக் கணக்குகள் மூன்று. முதல் கணக்கு பொது நிதி: வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், உரிமக் கட்டணம், மாநில நிதிக்குழு மானியம் எல்லாம் இதில் வரும், பல்பு மாற்றுவதும் வால்வு மாற்றுவதும் இதிலிருந்துதான். இரண்டாவது, மின் கட்டணத்துக்கும் குடிநீர் வாரியக் கட்டணத்துக்கும் என்றே ஒதுக்கியது. மூன்றாவது திட்ட நிதி. இவை போக, குறிப்பிட்ட திட்டங்களுக்குத் தனிக் கணக்குகளும் உண்டு. மத்திய நிதிக்குழு மானியத்தில் ஒரு பகுதி இன்னதற்குத்தான் என்று கட்டி வைக்கப்பட்டது. 15-ஆவது நிதிக்குழு 2021-22 முதல் 2025-26 வரை 60 விழுக்காட்டைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் சரிபாதியாக ஒதுக்கியது. மீதி 40 விழுக்காட்டைத்தான் ஊராட்சி தன் தேவைக்குச் செலவிட முடிந்தது. ஆகவே சுகாதார நிதியைக் காட்டி "பணம் இருக்கே, ரோடு போடுங்க" என்று கேட்டால் தோற்றுப்போவீர்கள். வடிகால், குழாய், குப்பை என்றால் அதே பணத்தைக் காட்டி வெல்லலாம்.

மின் கட்டணம் பல ஊராட்சிகளின் கழுத்தை நெரிக்கிறது. கோவை மாவட்டம் ஓடந்துறை ஊராட்சி 2006-இல் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் சொந்தமாக நிறுவி, மிஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றது இதற்கு ஒரு பதிலாகத்தான். சொந்த வருவாய் உள்ள ஊராட்சிக்குத்தான் சொந்த முடிவு எடுக்க முடியும். உங்கள் வீட்டு வரி ரசீதை முதலில் பாருங்கள். பாக்கி இருந்தால் கட்டிவிட்டு, ரசீதோடு சபைக்கு வாருங்கள். வரி கட்டாதவருக்கும் பேசும் உரிமை உண்டு. ஆனால் "முதல்ல வரி கட்டுப்பா" என்று உங்கள் வாயை அடைக்கும் வாய்ப்பை ஏன் கொடுக்க வேண்டும்?

வரவு செலவைக் கிராம சபையில் படிவம் 30-இல் வைத்து வாசிக்க வேண்டும், அதன் சுருக்கத்தைப் பொதுமக்கள் பார்வைக்கு ஃப்ளெக்ஸ் பலகையில் வைக்க வேண்டும். மத்திய நிதிக்குழு மானியத்தில் நடந்த வேலைகளையும் செலுத்திய தொகைகளையும் இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று தேர்ந்தெடுத்து யாரும் பார்க்கலாம். கூட்டத்துக்கு முன்பே இதைப் பதிவிறக்கி, உங்கள் தெரு சம்பந்தப்பட்ட வரிகளை மட்டும் அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கூட்டத்தில் எதை வைப்பது

தேதிக்கேற்பக் கோரிக்கையைத் தேர்ந்தெடுப்பது பாதி வெற்றி. அடுத்த நிதியாண்டுக்கான கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம் அக்டோபர் 2 கூட்டத்தில்தான் சூடுபிடிக்கும். பெரிய செலவு வேண்டிய எந்த வேலையும் அந்தப் பட்டியலில் ஏற வேண்டும். ஏறாததற்கு நடு ஆண்டில் பணம் தேடுவது கடினம். மார்ச் 22 தண்ணீருக்கானது. மற்ற நாள்களில் சிறு பழுதுகள், முந்தைய தீர்மானங்களின் கதி, தணிக்கை அறிக்கை. தேர்தல் நடத்தை விதி, பண்டிகை விடுமுறை காரணமாகத் தேதி தள்ளிப்போவதும் உண்டு. ஊராட்சி அலுவலக அறிவிப்புப் பலகையைப் பாருங்கள். கூட்டத்துக்கு ஏழு நாள் முன்பே அறிவிப்பு வர வேண்டும், தண்டோராவும் போட வேண்டும்.

தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரின் பதவிக்காலம் முடிந்து தேர்தல் நடக்காத இடங்களில் தனி அலுவலர் பொறுப்பில் இருப்பார். அப்போதும் கிராம சபை கூடும், உங்கள் உரிமையில் ஒன்றும் குறையாது. மனுவை மட்டும் தனி அலுவலர் பெயருக்கு எழுத வேண்டும்.

கூட்டத்துக்கு முன்: மனுவும் வரைவும்

பத்து நாள் முன்பே மனுவைக் கொடுங்கள். பெறுநர்: ஊராட்சித் தலைவர் அல்லது தனி அலுவலர். நகல்: வட்டார வளர்ச்சி அலுவலர், கிராம ஊராட்சி. ஒன்றிய அலுவலகத்தில் வட்டார ஊராட்சிக்கு ஒருவர், கிராம ஊராட்சிக்கு ஒருவர் என இரண்டு வட்டார வளர்ச்சி அலுவலர்கள் இருப்பார்கள். தவறானவருக்குக் கொடுத்தால் மனு அங்கேயே உறங்கும். இரண்டு பிரதி எடுத்துப்போய் ஒன்றில் முத்திரையும் தேதியும் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். தர மறுத்தால் பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள்.

மனுவோடு தீர்மான வரைவையும் நீங்களே எழுதி இணையுங்கள். இதைப் பெரும்பாலோர் செய்வதில்லை. கூட்ட நெரிசலில் ஊராட்சிச் செயலர் தன் சுருக்கத்தில் "குடிநீர் வசதி கோரப்பட்டது" என்று ஒரு வரி எழுதிவிடுவார். அந்த வரியை வைத்து யாரும் யாரையும் கேள்வி கேட்க முடியாது. வரைவு இப்படி இருக்கட்டும்:

"பொருள்: 3-ஆவது வார்டு பள்ளிக்கூடத் தெருக் குடிநீர். இத்தெருவின் 42 வீடுகளில் கடைசி 17 வீடுகளுக்குக் குடிநீர் மிகக் குறைந்த அழுத்தத்தில் வருகிறது (15 லிட்டர் குடம் நிரம்ப முதல் வீட்டில் 1 நிமிடம், கடைசி வீட்டில் 6 நிமிடம்). எனவே, தெரு முனையில் பழுதாகியுள்ள கேட் வால்வை ஊராட்சிப் பொது நிதியிலிருந்து 15 நாள்களுக்குள் மாற்றவும், தெருவின் பிற்பகுதியில் 120 மீட்டர் நீளத்துக்கு 63 மி.மீ. பிவிசி குழாய் அமைக்க மதிப்பீடு தயாரிக்குமாறு ஒன்றியப் பொறியாளரைக் கோரவும், அப்பணியை அடுத்த ஆண்டுக்கான கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் சேர்க்கவும், எடுத்த நடவடிக்கையை அடுத்த கிராம சபையில் அறிக்கையாக வைக்கவும் கிராம சபை தீர்மானிக்கிறது."

இடம், அளவு, யார் செய்யவேண்டும், எந்த நிதி, எத்தனை நாள், எப்போது பதில் என ஆறும் இதில் இருக்கின்றன. ஒரு தீர்மானத்தில் ஒரு பொருள்தான். ஐந்து குறைகளை ஒன்றாகக் கட்டினால் ஒன்றைச் செய்துவிட்டு "நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று கோப்பை மூடிவிடுவார்கள்.

ஆள் சேர்ப்பது

கிராம சபைக்குக் குறைவெண் வரம்பு உண்டு. மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 501 முதல் 3,000 வரை 100, 3,001 முதல் 10,000 வரை 200, அதற்கு மேல் 300. வருபவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களும், மக்கள்தொகை விகிதத்துக்கு ஏற்ப ஆதிதிராவிடர், பழங்குடியினரும் இருக்க வேண்டும்.

குழுவில் ஆறு முதல் எட்டுப் பேர் போதும். ஊர்த் தெருவும் காலனியும் இரண்டும் அதில் இருக்க வேண்டும், பெண்கள் பாதிக்குக் குறையக் கூடாது. இதை நல்லெண்ணத்துக்காக மட்டும் சொல்லவில்லை. ஒரே தெருப் பையன்கள் எட்டுப் பேர் வந்தால் "அந்தத் தெருக்காரங்க பிரச்சனை பண்ண வந்துட்டாங்க" என்று பெயராகிவிடும். பாதிக்கப்பட்ட 17 வீட்டிலிருந்தும் வீட்டுக்கு ஒருவர் கட்டாயம் வர வேண்டும். மகளிர் சுய உதவிக் குழுவிடம் சொன்னால் பாதி வேலை முடிந்தது. கட்சிக் கொடியோ மன்றத்தின் பனியனோ அன்றைக்கு வேண்டாம்.

இடமும் கவனிக்கவேண்டியது. மதச் சார்புள்ள எந்த வளாகத்திலும் கிராம சபையை நடத்தக் கூடாது, ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நடத்தாமல் குக்கிராமங்களுக்குச் சுழற்சியில் கொண்டுபோக வேண்டும். காலனி மக்கள் வரத் தயங்கும் திண்ணையிலோ கோயில் வாசலிலோ கூட்டம் வைத்தால் அவர்கள் வராமல் போவது இயல்பு. மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டதை ஏற்காமல் 1996 முதல் பத்தாண்டுகள் தேர்தலே முறையாக நடக்கவிடாமல் தடுத்த வரலாறு நமக்கு இருக்கிறது. 2006-இல்தான் அது உடைந்தது. 2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் ஊராட்சித் தலைவரே தரையில் உட்கார வைக்கப்பட்டார். படம் வெளியான பிறகுதான் வழக்குப் பதிவானது. எங்கே நாற்காலி, யார் தரையில் என்பதை உங்கள் ஊர்ச் சபையிலும் பாருங்கள். எல்லோரும் நாற்காலியில் அல்லது எல்லோரும் ஜமுக்காளத்தில். இதைக் குழுவே முன்கூட்டி ஏற்பாடு செய்துவிட்டால் சச்சரவு இல்லாமல் முடியும்.

கூட்ட நாளில்

அரை மணி முன்பே போய் உட்காருங்கள். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போது மேலே கூட்டத் தேதி எழுதியிருக்கிறதா, உங்கள் கையெழுத்துக்கு எதிரே பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். வெற்றுத் தாளில் ஒருபோதும் கையெழுத்து வேண்டாம். வேலைத் தளத்திலும் வீடு வீடாகவும் முன்கூட்டிக் கையெழுத்து வாங்கி ஆள் கணக்குக் காட்டுவது நெடுங்கால நோய்.

முதலில் அரசு அனுப்பிய பொருள்கள் வாசிக்கப்படும்: வரவு செலவு, டெங்கு தடுப்பு, குடிநீர், தூய்மைப் பணி, வீடு கட்டும் திட்டப் பயனாளிகள் இப்படி. இந்த இடத்தில் பொறுமை இழந்து எழுந்துவிடாதீர்கள். படிவம் 30 வாசிக்கும்போது குழுவில் ஒருவர் எழுதிக்கொள்ள வேண்டும். கேள்வி ஒன்றிரண்டு போதும், குறிப்பாகக் கேட்க வேண்டும்: "மோட்டார் பழுது பார்த்ததாக எழுதிய தொகை எந்த மோட்டாருக்கு? பில்லைப் பார்க்கலாமா?" வளர்ச்சித் திட்டப் பயனாளிப் பட்டியல் வாசித்தால் பெயர்களை முழுதும் வாசிக்கச் சொல்லுங்கள், "பட்டியல் ஏற்கப்பட்டது" என்று தாண்டவிடக் கூடாது.

உங்கள் பொருள் வரும்போது பேசுபவர் ஒருவர்தான். இரண்டு நிமிடம். முதலில் பெயர், தெரு. பிறகு அளவுகள். பிறகு வரைவை அப்படியே வாசிப்பது. இதை வீட்டில் கடிகாரம் வைத்து இரண்டு முறை பேசிப் பாருங்கள். கூட்டத்தில் குரல் நடுங்கினாலும் தாள் கையில் இருந்தால் வாசித்துவிடலாம். தலைவரைத் "தலைவர் அவர்களே" என்றும், பெரியவர்களை ஊர் வழக்கப்படி ஐயா, அண்ணன், பெரியம்மா என்றும் சொல்லிப் பேசுங்கள். வயதைக் காட்டி உட்காரச் சொன்னால் பாதிக்கப்பட்ட வீட்டுப் பெரியம்மா ஒருவர் எழுந்து "அவன் சொல்றது எங்க வீட்டுப் பிரச்சனை, சொல்லட்டும்" என்று சொல்லும்படி முன்பே பேசிவையுங்கள்.

இனிமேல்தான் மிக முக்கியமான ஐந்து நிமிடம். "சரி, எழுதிக்கறோம்" என்று தலைவர் சொன்னதும் எல்லோரும் நிம்மதியாக உட்கார்ந்துவிடுவார்கள். உட்காராமல், "தீர்மானத்தைப் பதிவேட்டில் இப்போதே எழுதி, எண் போட்டு, வாசித்துக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். ஒன்றியத்திலிருந்து பற்றாளராக வந்திருக்கும் அலுவலரிடமும் அதையே சொல்லுங்கள். கூட்டம் முறையாக நடப்பதைப் பார்க்கத்தான் அவர் அங்கே இருக்கிறார். வாசித்தபின் அளவும் தேதியும் விட்டுப்போயிருந்தால் அங்கேயே திருத்தச் சொல்ல வேண்டும். கடைசியில், கையெழுத்தான பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கத்துக்குக் கீழே வெற்றிடம் விட்டிருந்தால் குறுக்கே கோடு போடச் சொல்லுங்கள். பின்னால் தீர்மானங்கள் முளைப்பது அந்த வெற்றிடத்தில்தான்.

பின்தொடர்வது

15 நாள் கழித்து ஊராட்சிச் செயலரைப் பார்த்து, தீர்மானம் ஒன்றியத்துக்குப் போய்விட்டதா, கடித எண் என்ன என்று கேளுங்கள். 30 நாளில் ஒன்றியப் பொறியாளர் அல்லது ஓவர்சியர் வந்து அளந்திருக்க வேண்டும். வராவிட்டால் வட்டார வளர்ச்சி அலுவலருக்கு ஒரு பக்க நினைவூட்டு மனு, தீர்மான எண்ணோடு. அதற்கும் அசைவில்லை என்றால் மாவட்டத்தில் உதவி இயக்குநர், ஊராட்சிகள். திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மாவட்ட ஆட்சியர். ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற பொறுப்பு ஆட்சியருக்குத்தான். 1100 எண்ணில் முதல்வரின் முகவரிக்கும் பதிவு செய்யலாம். அங்கே கிடைக்கும் மனு எண்ணைத் தவறவிடாதீர்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இந்தக் கட்டத்துக்கானது. வெள்ளைத் தாளில் எழுதி 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் வர வேண்டும். ஒன்றிய அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். தகவல் வேறு அலுவலகத்தில் இருந்தால் 6(3) பிரிவின்படி ஐந்து நாளில் அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும். "ஏன் செய்யவில்லை?" என்று கேட்டால் பதில் வராது, ஏனென்றால் காரணம் கேட்பது தகவல் அல்ல என்று மறுத்துவிடலாம். ஆவணத்தைக் கேளுங்கள்: இன்ன தேதிக் கிராம சபைத் தீர்மானம் எண் 7-இன் நகல், அது அனுப்பப்பட்ட கடிதத்தின் நகல், மதிப்பீட்டின் நகல், வேலை முடிந்திருந்தால், செய்த வேலையின் அளவுகளைப் பொறியாளர் பதியும் அளவுப் புத்தகத்தின் சம்பந்தப்பட்ட பக்கங்கள். பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்குப் பின் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

எங்கே சறுக்கும்

வாட்ஸ்அப் குழுவில் தலைவரைத் திட்டிவிட்டுச் சபைக்குப் போவது முதல் சறுக்கல். அன்றைக்குப் பேச்சு தண்ணீரைப் பற்றி இருக்காது, அந்தப் பதிவைப் பற்றி இருக்கும். கூட்டத்தை நேரலை விடுவதும் பெரும்பாலும் இதே விளைவைத் தரும். பதிவு செய்துவைத்துக்கொண்டு, தேவைப்பட்டால் பயன்படுத்துங்கள்.

இரண்டாவது, தேர்தல் ஆசை. ஊராட்சித் தேர்தலில் நிற்க 21 வயது போதும், பதவிகளில் பாதி பெண்களுக்கானது, இளைஞர்கள் நிற்கத்தான் வேண்டும். ஆனால் குழுவில் யாருக்கு அந்த எண்ணம் இருக்கிறதோ அதை முதல் நாளே மற்றவர்களிடம் சொல்லிவிடட்டும். பாதி வழியில் தெரிந்தால் குழு உடையும்.

மூன்றாவது, வேலை முடிந்ததும் கலைந்துபோவது. புதுக் குழாய் போட்ட இடத்தில் பள்ளத்தைச் சரியாக மூடினார்களா, நீளம் மதிப்பீட்டுப்படி இருக்கிறதா என்று அதே டேப்பை எடுத்துப்போய் அளக்க வேண்டும். அதே குடத்தை அதே கடைசி வீட்டில் வைத்து நேரம் பார்க்க வேண்டும். அந்த எண்ணை அடுத்த கிராம சபையில் வாசியுங்கள். சரியாகச் செய்திருந்தால் பெயர் சொல்லி நன்றி கூறுங்கள். தொட்டி ஆபரேட்டர் பெயரையும் விடாமல்.

18 ஆகாத தம்பி தங்கைகள் உறுப்பினர் ஆக முடியாது. ஆனால் தெருவிளக்கு எண் எடுப்பது, குடத்துக்கு நேரம் பார்ப்பது, கூட்டத்தில் பின்வரிசையில் அமர்ந்து வாசித்ததை எழுதிக்கொள்வது எல்லாம் அவர்களால் முடியும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதும் குறிப்பு பெரியவர்களுடையதைவிடத் தெளிவாக இருக்கும். பள்ளியில் ஆசிரியர் ஒத்துழைத்தால் ஒரு மாதிரிக் கிராம சபை நடத்திப் பாருங்கள்: ஒருவர் தலைவர், ஒருவர் செயலர், ஒருவர் பற்றாளர், மற்றவர்கள் ஊர் மக்கள். உண்மையான படிவம் 30-இன் பழைய நகல் ஒன்றை வைத்தே நடத்துங்கள்.

எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள்: ஒப்புகை முத்திரையுள்ள மனு, அளவுத் தாள், தீர்மானப் பக்கத்தின் படம், நினைவூட்டுகள், தகவல் சட்டப் பதில்கள், ஒவ்வொன்றின் மேலும் தேதி. திருப்பூருக்கோ சென்னைக்கோ வேலைக்குப் போகும் நாளில் அந்தக் கோப்பை ஊரில் இருக்கும் இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டுப் போங்கள்.